மலையேறாத மென்பொருள்

சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிப்பு கார்த்திகையில் சூடுபிடித்து மாசி வரை நீளும். மலையில் குளிர் உறைக்கும் மாதங்களும் அவையே. விரல்நுனித் தோல் வறண்டு வெடிக்கும். நடுவில் பொங்கல் வரும், ரேஷன் கடையில் பொங்கல் பரிசுக்கு வரிசை நீளும். இந்த மூன்றும் வந்து சந்திக்கிற இடம், கடை மேசைமேல் இருக்கும் கைரேகைக் கருவியின் கண்ணாடிச் சதுரம்.

பகலெல்லாம் பழம் உருவிய கட்டைவிரலை ஒருவர் அதன்மேல் வைக்கிறார். பதியவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். பதியவில்லை. "வேற வெரல வெய்ங்க அக்கா", "நல்லா அழுத்துங்க", கடைசியில் "தலையில தேச்சுட்டு வெய்ங்க". தலைமுடியின் எண்ணெய் விரலில் ஏறினால் ரேகை விழும் என்பது விற்பனையாளர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்த வைத்தியம். தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையில் நின்றாலும் இந்த உரையாடல் காதில் விழும். மலையில் கொஞ்சம் அடிக்கடி விழும்.

"சர்வர் டவுன்", "கைரேகை விழல", "டவர் இல்ல" என்று மூன்று சொற்றொடர்களில் இந்தச் சங்கடத்தை முடித்துக்கொள்கிறோம், ஏதோ மழை மாதிரி தானாக வந்த இடைஞ்சல் என்பதுபோல. அப்படி இல்லை என்பதுதான் என் வாதம். ஒரு மென்பொருளுக்கு உறுதியாகத் தெரியாத நிலை வரும்போது, அது யாரை நம்ப வேண்டும், யாரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதை எவரோ முன்கூட்டியே ஓர் எண்ணாக எழுதி வைத்திருக்கிறார்கள். சமவெளியில் அந்த எண் கண்ணுக்குத் தெரிவதில்லை. மலையில் தெரிகிறது.

அந்த மலையின் ஓர் ஊர் தலைச்சோலை, ஏற்காடு ஒன்றியத்து ஊராட்சிகளில் ஒன்று. சுற்றுலா வண்டிகள் ஏரி, லேடீஸ் சீட், பக்கோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் என்று ஒரு வட்டம் அடித்துவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளில் சேலத்துக்கு இறங்கிவிடும். தலைச்சோலை, மாரமங்கலம், செம்மநத்தம், வாழவந்தி எல்லாம் அந்த வட்டத்துக்கு வெளியே. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகத் தங்கள் பூர்வீகக் கதையைச் சொல்லும் மலையாளிப் பழங்குடியினர் வாழும் பகுதி இது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அப்போதிருந்து இருநூறு ஆண்டுகளாக இந்த மலையில் காப்பியை நட்டு, கவாத்து செய்து, பறித்து, உலர்த்துவது மனிதக் கைகள்தான்.

கைரேகை கருவிலேயே அமைந்துவிடுகிறது. பத்தாவது வாரத்தையொட்டித் தொடங்கி சில வாரங்களில் முடிந்துபோகும் வேலை. மேல்தோலும் உள்தோலும் சந்திக்கும் இடத்தில் உருவாகும் மடிப்புகளே மேலே வரம்புகளாக எழுகின்றன. ஒரு வரம்புக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஒரு வரம்பு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்ற புள்ளிகளைத்தான் மென்பொருள் குறித்துக்கொள்கிறது. ரேகையின் முழுப் படத்தைவிட இந்தப் புள்ளிகளின் இருப்பிடமும் திசையும்தான் ஒப்பிடும்போது பேசும்.

இப்போது எண்ணெய் வைத்தியத்துக்கு வருவோம். ஒளியால் இயங்கும் கருவியில் கண்ணாடிக்கு அடியிலிருந்து வெளிச்சம் சாய்வாகப் பாய்கிறது. விரல் தொடாத இடத்தில் கண்ணாடிக்கு மேல் காற்று இருப்பதால் வெளிச்சம் முழுக்கத் திரும்பிவிடும். வரம்பு ஒட்டிய இடத்தில் வெளிச்சம் தோலுக்குள் கசிந்துபோகும், அங்கே கறுப்புக்கோடு விழும். வறண்ட தோல் கண்ணாடியோடு முழுசாக ஒட்டாது. தொடர்ச்சியான ஒரு வரம்பு புள்ளி புள்ளியாக அறுந்து தெரியும். ஒவ்வொரு அறுபடலும் மென்பொருளுக்கு ஒரு 'முடிவு'. இல்லாத முடிவுகள் பத்து சேர்ந்துவிட்டால் அந்த விரல் வேறு யாருடையதோ ஆகிவிடும். எண்ணெயும் வியர்வையும் அந்த இடைவெளியை நிரப்புகின்றன. தலையில் தேய்க்கச் சொல்பவர் ஒளியியலைத்தான் சொல்கிறார். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் பள்ளங்களும் நிரம்பி, ரேகை முழுக்க ஒரே கறுப்புத் திட்டாகிவிடும் என்பது இதன் மறுபக்கம்.

தேய்மானமும் அப்படித்தான். சிமென்ட், சுண்ணாம்பு, கல் வேலை, மண்வெட்டிப் பிடி ஆகியவை மேல்தோலின் வரம்பைச் சீவிவிடுகின்றன. உள்தோல் கெடாமல் இருந்தால் சில வாரங்களில் பழைய ரேகையே திரும்ப வளரும். ஆனால் ரேஷன் மாதாமாதம் வருகிறது, வேலை தினமும் இருக்கிறது. வளர விடாத விரலுக்கு ஓய்வு கிடையாது. அறுபதைத் தாண்டினால் தோல் தளர்ந்து வரம்பு இன்னும் தட்டையாகும்.

ரேகையை அடையாளமாக்கும் யோசனை நம் நாட்டு மண்ணில் வளர்ந்தது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். 1858-ல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்குச் சரளை தர ஒப்புக்கொண்ட உள்ளூர்க்காரரின் கையை ஒப்பந்தத் தாளில் பதித்து வாங்கினார். நாளைக்கு 'அது என் கையெழுத்தே இல்லை' என்று சொல்லிவிடக்கூடாதே என்ற பயம். பின்னாளில் ஓய்வூதியம் வாங்குபவர்களிடமும் ரேகை வாங்கினார். 1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் தொடங்கியபோது, ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கைப் போட்டவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். அந்த முறைக்கு மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர் நிலைத்துவிட்டது. வாங்க வருகிறவர் பொய்யர் என்று முதலில் வைத்துக்கொண்டு, அப்புறம் சோதிப்பது என்ற ஏற்பாடு அன்றிலிருந்தே இருக்கிறது.

இரண்டு ரேகைப் பதிவுகள் ஒருபோதும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. ஒரே விரலை ஒரே நிமிடத்தில் இரண்டு முறை வைத்தாலும் அழுத்தம் மாறும், கோணம் மாறும். ஆகவே மென்பொருள் 'ஆம்', 'இல்லை' என்று பார்ப்பதில்லை. எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்கு மேல் போனால் அரிசி, கீழே நின்றால் திருப்பி அனுப்பு. அந்தக் கோடு எங்கே என்பதை இயற்கை சொல்வதில்லை. மனிதர்கள்தான் வைக்கிறார்கள். காப்பிக் கொட்டையைத் தரம் பிரிக்கும் சல்லடை போலத்தான்: கண்ணைச் சிறிதாக்கினால் கல் நிற்கும், நல்ல கொட்டையும் கொஞ்சம் நிற்கும், பெரிதாக்கினால் எல்லாமே விழும். ஆள்மாறாட்டக்காரரை உள்ளே விடும் தவறு ஒன்று, உரியவரை வெளியே நிறுத்தும் தவறு மற்றொன்று. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒழிக்கும் சல்லடை இல்லை.

ஆதார் ஆணையமே 2012 மார்ச்சில் வெளியிட்ட துல்லிய ஆய்வில் இந்தக் கணக்கு இருக்கிறது. பத்தாயிரத்தில் ஒரு பொய்யான விரல் உள்ளே நுழையலாம் என்ற அளவில் கோட்டை வைத்தார்கள். ஒருவருடைய விரல்களிலேயே சிறந்ததைத் தேர்ந்து ஒருமுறை வைத்தால் 93.5 விழுக்காட்டினர் தேறினார்கள். மூன்று முறை வரை வைக்கவிட்டால் 96.5. சிறந்த இரண்டு விரல்களையும் பயன்படுத்தினால் ஏறத்தாழ 99. ஆக, தன் விரல்களில் எது சிறந்தது என்று தெரிந்துகொண்டு, பொறுமையாகப் பலமுறை முயலும் வாய்ப்புள்ளவருக்குத்தான் 99. களத்தில் நிலைமை வேறு. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை மேற்கோள் காட்டிய மதிப்பீடுகளில் கைரேகைத் தோல்வி ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்டத்தில் 5 விழுக்காடு, குஜராத்தில் 6, ராஜஸ்தானில் 37, ஜார்க்கண்டில் 49. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் ஆணையத்தின் தலைமை அதிகாரி விளக்கமளித்தபோது, அரசுச் சேவைகளில் சரிபார்ப்பு வெற்றி 88 விழுக்காடு என்ற எண் வந்தது.

இந்த விழுக்காடுகளில் ஒரு பொறி இருக்கிறது. '95 விழுக்காடு வெற்றி' என்றதும், எல்லோருக்கும் இருபது முறைக்கு ஒருமுறை தடங்கல் வரும் என்று மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது. இருபதில் ஒருமுறை என்றால் யாரும் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் அதே 95 வேறு விதமாகவும் வரலாம்: பத்தொன்பது பேருக்கு ஒருபோதும் பிரச்சினை இல்லை, இருபதாமவருக்கு ஒருபோதும் பதிவதில்லை. எழுதுகோல் பிடிக்கும் விரலும் மிளகுக்கொடியில் ஏறும் விரலும் சீட்டுக் குலுக்கலில் மாறி மாறி வருவதில்லை. இந்த மாதம் பதியாத அதே விரல்தான் அடுத்த மாதமும் பதியாது. அலுவலக அறிக்கையில் சராசரி மட்டும் போகிறது. நூறு முயற்சியில் ஐந்து தோல்வி என்று எழுதும்போது, அந்த ஐந்தும் ஒரே வீட்டுக்காரர்களுடையதா என்று கேட்கும் பத்தி அதில் இருப்பதில்லை. கணினித் துறைக்கு முயற்சிகளை எண்ணத் தெரியும், ஆட்களை எண்ண அவ்வளவாக மெனக்கெடாது.

சரி, விரல் பதிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒப்பிடும் வேலை கடைக் கருவியில் நடப்பதில்லை. ரேகை பூட்டப்பட்ட ஒரு பொட்டலமாகி, செல்பேசிக் கோபுரம் ஏறி, மாநிலச் சேவையகம் வழியாக, ஆதார் ஆணையத்தின் தரவு மையத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். அந்த மையங்கள் பெங்களூரிலும் ஹரியானாவின் மானேசரிலும் இருக்கின்றன. பெங்களூரு இங்கிருந்து இருநூறு கிலோமீட்டர் சொச்சம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். அந்தத் தூரத்தை ஒரு மில்லிநொடியில் கடந்துவிடும். தாமதம் முழுக்க மலையிலேயே, முதல் ஓரிரு கிலோமீட்டரிலேயே நடக்கிறது.

மூடுபனி இறங்கினால் டவர் போய்விடும் என்பது மலையில் பரவலான நம்பிக்கை. பனிக்கு வீண்பழி. செல்பேசி அலைகளின் நீளம் பத்து சென்டிமீட்டரிலிருந்து முப்பது சென்டிமீட்டருக்கு மேல் வரை. மூடுபனித் துளியோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். அந்த அலைக்குப் பனி இருப்பதே தெரியாது. உண்மையில் மறிப்பது மலைதான். கோபுரத்துக்கும் ஊருக்கும் நடுவே ஒரு முகடு நின்றால் அதன் பின்புறம் நிழல் விழுகிறது. அலையின் அதிர்வெண் கூடக் கூட முகட்டைச் சுற்றி வளைந்து வரும் திறன் குறையும். வேகமான இணையத்துக்காக ஏறிப்போன உயர் அதிர்வெண்கள் மலைமடிப்புக்குள் பழைய 900 மெகாஹெர்ட்ஸ் அளவுக்குக் கூட இறங்குவதில்லை. காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களின் நனைந்த இலை தன் பங்குக்குக் கொஞ்சம் உறிஞ்சும். கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே நுண்ணலை இணைப்பு இருந்தால் அங்கே அலைநீளம் ஓரிரு சென்டிமீட்டர்தான். கனமழைத் துளிகள் அதைத் தாக்கும். மழையோடு மின்சாரமும் போய், கோபுரத்தின் பேட்டரி தீர்ந்தால் கதை முடிந்தது. பனி, மழை, மின்வெட்டு எல்லாம் கூட்டாக வருவதால் பழி கண்ணுக்குத் தெரிகிற பனிமேல் விழுகிறது.

கணக்குக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். விரல் பதிய 97 விழுக்காடு வாய்ப்பு, அலைவரிசை இருக்க 95, சேவையகம் விழித்திருக்க 98, மின்சாரமும் கருவியின் பேட்டரியும் இருக்க 97. தனித்தனியே பார்த்தால் எல்லாமே பிரமாதம். நான்கும் ஒரே நேரத்தில் அமைந்தால்தான் அரிசி என்றால் பெருக்க வேண்டும்: 88 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கும். ஒவ்வொரு நிறுவனமும் தன் துண்டுக்கு மட்டும் பதில் சொல்லும், எல்லோருடைய பதிலும் உண்மையாகவே இருக்கும். பெருக்கல் விடை வரிசையில் நிற்பவருக்கு மட்டும் தெரியும். இதில் இன்னொரு கண்ணியாக எடைத்தராசையும் கருவியோடு இணைத்தபோது, ஒரு அட்டைக்கு ஆகும் நேரம் கூடிவிட்டது என்று ரேஷன் கடைப் பணியாளர்களே 2025-ல் போராட்டத்தில் இறங்கினார்கள்.

பாதியில் அறுந்துபோகும் இணைப்பு, இல்லாத இணைப்பைவிடச் சங்கடம். ரேகை போய்ச் சேர்ந்து, அங்கே 'வாங்கிக்கொண்டார்' என்று பதிவாகி, 'சரி' என்ற பதில் மலையேறும் வழியில் தொலைந்துபோனால்? கருவிக்குத் தெரிந்ததெல்லாம் பதில் வரவில்லை என்பதுதான். கேள்வியே போகவில்லையா, போய்விட்டுப் பதில்தான் வரவில்லையா என்பதைக் கடையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. கணினி அறிவியலில் இது இரு தளபதிகள் சிக்கல் எனப்படும். 1975-ல் மூன்று ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையில் வேறொரு வேடத்தில் வந்து, 1978-ல் ஜிம் கிரே வைத்த பெயரால் நிலைத்தது. இரண்டு குன்றுகளில் இரண்டு படைகள், நடுப்பள்ளத்தாக்கில் எதிரி. தூதுவன் வழியில் பிடிபடலாம். 'நாளை விடியலில் தாக்குவோம்' என்ற செய்தி சேர்ந்ததா என்று தெரியப் பதில் வேண்டும். பதில் சேர்ந்ததா என்று தெரிய அதற்கொரு பதில் வேண்டும். எத்தனை தூதுவர்கள் போனாலும் இருவருக்கும் ஒரே நேரத்தில் முழு உறுதி பிறக்காது என்பது நிரூபிக்கப்பட்ட முடிவு. எவ்வளவு பணம் கொட்டினாலும் தீராத சிக்கல் இது.

தீராது, ஆனால் சமாளிக்கலாம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் கருவியே ஒரு தனி எண் கொடுத்து அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் அதே எண்ணோடு மறுபடி கேட்க வேண்டும். அந்த எண்ணை ஏற்கெனவே பார்த்திருந்தால் சேவையகம் இரண்டாம் முறை கழிக்காமல் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். பத்துமுறை அழுத்தினாலும் ஒருமுறை அழுத்தியதற்குச் சமம். நாற்பது ஐம்பது வருடமாக எல்லோருக்கும் தெரிந்த பாடம் இது. இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த சாட்சி பிரிட்டிஷ் தபால் துறையின் ஹொரைசன் மென்பொருள். ஸ்காட்லாந்தின் டால்மெல்லிங்டன் என்ற சிற்றூரில், 2015-ல், கிளை அஞ்சலகத்துக்கு 8,000 பவுண்டு வந்ததைப் பதிவு செய்யப் பொத்தானை அழுத்தினார் அங்கிருந்தவர். திரை அசையவில்லை. மறுபடி அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தலும் சத்தமில்லாமல் இன்னொரு 8,000 ஆகப் பதிவாகி, நான்கு முறையில் கணக்கு 32,000 காட்டியது. 24,000 பவுண்டு பற்றாக்குறை என்றது மென்பொருள்.

அந்தப் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன் ஹொரைசன் காட்டிய பற்றாக்குறைகளை நம்பி, 1999-லிருந்து 2015 வரை 900-க்கும் மேற்பட்ட அஞ்சலக நடத்துநர்கள் திருட்டு, பொய்க்கணக்குக் குற்றங்களில் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். சீமா மிஸ்ரா என்பவர் 2010-ல் கர்ப்பிணியாகச் சிறை போனார். கணினி ஒழுங்காக இயங்கியது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர் வேலை என்பது இங்கிலாந்துச் சட்டநடைமுறை. 2019 தீர்ப்பில் நீதிபதி ஃப்ரேசர் மென்பொருளின் பிழைகளை வரிசைப்படுத்தினார். ஒட்டுமொத்தமாகத் தண்டனைகளை ரத்து செய்ய 2024-ல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. மனிதர் சொல்லும் திரை சொல்வதும் முரண்பட்டபோது, பதினைந்து வருடமாகத் திரையை நம்பினார்கள்.

இணைப்பு அறுந்த நேரத்தில் என்ன செய்வது என்பதற்கும் ஒரு தேற்றம் உண்டு. 2000-ல் எரிக் புரூவர் முன்வைத்தார், 2002-ல் சேத் கில்பர்ட்டும் நான்சி லிஞ்சும் நிரூபித்தார்கள். பல இடங்களில் பரவிய ஒரு கணினி அமைப்பில் வலை அறுந்தால், இரண்டில் ஒன்றைக் கைவிட்டே ஆக வேண்டும். எல்லா ஏடுகளும் அட்சரம் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும் என்றால் சேவையை நிறுத்து. சேவை தொடர வேண்டும் என்றால் ஏடுகள் கொஞ்ச நேரம் முரண்படுவதைப் பொறுத்துக்கொள். மூன்றாவது வழி கிடையாது. புரூவர் 2012-ல் எழுதிய கட்டுரையில் ஏடிஎம் இயந்திரத்தை உதாரணம் காட்டுகிறார்: இணைப்புப் போனாலும் ஒரு வரம்புக்குள் பணம் கொடுக்கும்படி அதை அமைக்கலாம், பிறகு இணைப்பு வந்ததும் கணக்கை நேர்செய்யலாம், இடையில் யாராவது கூடுதலாக எடுத்திருந்தால் அந்தச் சிறு இழப்பை வங்கி ஏற்கலாம்.

ரேஷனுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒரு அட்டைக்கு மாதத்துக்கு இவ்வளவு என்று வரம்பு ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கடையின் அட்டைப் பட்டியல், சில நூறோ ஆயிரமோ, ஒரு மலிவான செல்பேசிக்குள் அடங்கும். ஒரே கடையில் இரண்டுமுறை வாங்குவதைக் கருவியே, இணையம் இல்லாமலே தடுத்துவிடலாம். மிஞ்சுவது, இணைப்பு இல்லாத சில மணிநேரத்துக்குள் ஒருவர் தலைச்சோலையில் வாங்கிவிட்டு, மலையிறங்கிப் போய் வேறு ஊரில் மறுபடி வாங்கும் ஆபத்து. இருபது வளைவு இறங்க ஆகும் பேருந்துச் செலவையும் போகும் கூலியையும் கணக்கிட்டால், அந்தத் திருட்டு எவ்வளவு லாபம் என்று யாரும் சொல்லிவிடலாம். பணம் கொடுக்கும் இயந்திரம் எடுக்கக்கூடிய துணிச்சலை அரிசி கொடுக்கும் இயந்திரம் எடுக்கக் கூடாது என்று தீர்மானித்தது புரூவரின் தேற்றம் அல்ல.

திருட்டு எங்கே நடக்கிறது என்று பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஜார்க்கண்டில் ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியபோது என்ன ஆனது என்று கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய பொருளியலாளர்கள் கள ஆய்வு செய்து 2020-ல் வெளியிட்டார்கள். சரிபார்ப்பால் மட்டும் கசிவு குறையவில்லை. ஆதாரை முன்பே இணைத்திராத குடும்பங்கள் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு பொருளை இழந்தன, அவற்றில் 2.8 விழுக்காட்டுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. விரல் உங்களுடையதா என்று கருவி பார்க்கும். மூட்டையில் எடை குறைந்ததா என்று அந்த விரலுக்குத் தெரியாது.

நூறு நாள் வேலையின் வருகைச் செயலிக்கும் இதே குணம்தான். வேலைத்தளத்தில் நாளுக்கு இரண்டுமுறை, இடக்குறிப்போடு புகைப்படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. 2021-ல் அறிமுகமாகி, 2023 ஜனவரி 1 முதல் ஏறக்குறைய எல்லாத் தளங்களுக்கும் கட்டாயமானது. படம் ஏறாவிட்டால் வேர்வை சிந்தியது செல்லாது என்றானது. அதே செயலியில், படத்தைப் படம் எடுத்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. ஏமாற்ற நினைத்தவர்களுக்குச் செயலி ஒரு தடையாகவே இருக்கவில்லை. முகட்டுக்குப் பின்னால் பாத்தி வெட்டியவர்களுக்குத்தான் இருந்தது.

இதைவிட நன்றாகச் செய்ய முடியாதா என்றால், நாமே செய்திருக்கிறோம். 2008-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய சுவாஸ்திய பீமா திட்டத்தின் குடும்ப அட்டையில் ஒரு சில்லு இருந்தது. கைரேகை அந்தச் சில்லிலேயே பதிந்திருக்கும். மருத்துவமனைக் கருவி விரலையும் அட்டையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுவிடும், இணையத்தை எதிர்பார்க்காது. சத்தீஸ்கரில் அந்த அட்டையை ரேஷனுக்கும் பயன்படுத்திப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் 2017-லிருந்து தரும் ஸ்மார்ட் அட்டையில் சில்லு இல்லை, கியூஆர் குறிதான். ஆனாலும் அதைக் காட்டினால் பொருள் கிடைத்துக்கொண்டிருந்தது. 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்துக்காகக் கைரேகையைக் கொண்டுவந்ததும் சேவையகம் திணறி, சில வாரங்களிலேயே தற்காலிகமாகப் பழைய முறைக்குத் திரும்பினார்கள். இந்தப் பின்வாங்கலை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன். கருவி திணறியபோது கருவியை ஓரம் தள்ளிவிட்டு அரிசியைக் கொடுக்கச் சொன்ன நிர்வாக முடிவு அது. ஹொரைசன் விஷயத்தில் அப்படிச் சொல்ல ஓர் அதிகாரி இருந்திருந்தால் பல குடும்பங்கள் தப்பித்திருக்கும்.

சரிபார்ப்பு தோற்றாலும் உரியவருக்குப் பொருளை மறுக்கக் கூடாது என்று ஒன்றிய உணவுத் துறை 2017 அக்டோபர் 24 அன்றே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. அது தாளில் இருக்கும் விதி. கருவிக்குள் இருக்கும் விதி வேறு: ரேகை ஒத்துப்போகவில்லை என்றால் ஆதார் சேவையகம் '300' என்ற பிழை எண்ணைத் திருப்பும். அந்த எண்ணைப் பார்த்த விற்பனையாளர், தாள் விதிப்படி கொடுத்துவிட்டுக் கையொப்பம் வாங்கினால், இருப்புக்கணக்கு இடித்து நாளை தன்மேல் பழி வருமோ என்று யோசிப்பார். அவர் யோசிக்காமல் இருக்க வேண்டுமானால் 300-க்கு அடுத்த திரையில் 'அட்டை பார்த்துக் கொடு' என்ற பொத்தான் இருக்க வேண்டும், அழுத்தினால் இருப்பும் அதுவாகவே கழிய வேண்டும். அதோடு, எந்த அட்டைக்கு மாதாமாதம் 300 வருகிறது என்ற பட்டியல் வட்ட வழங்கல் அலுவலகத்துக்குத் தானாகப் போக வேண்டும். இதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், ஓர் இளம் நிரலாளரின் ஓரிரு வார வேலை. ஒப்பந்தத்தில் கேட்டிருந்தால் கூடவே வந்திருக்கும்.

அண்மை ஆண்டுகளில் கடைகளுக்குக் கருவிழிக் கருவியும் வந்திருக்கிறது. காப்பி பறிப்பதால் கருவிழி தேயாது என்பதால் இது நல்ல திருத்தம்தான். கண்புரை முற்றிய வயதானவர்களுக்கு அங்கேயும் தகராறு வரலாம். பதிந்த கருவிழியும் அதே கோபுரம் ஏறித்தான் பெங்களூரு போக வேண்டும்.